சப்பரம் வராத தெரு

அன்புள்ள அம்மாவுக்கு, தோத்திரம்.

சர்க்கரை மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறீர்களா? நான் நலம். அரியலூர் சிமெண்ட் ஆலை வேலை பழகிவிட்டது. தூசிதான் தொண்டையை விடவில்லை.

ஞாயிறுதோறும் பஸ் பிடித்துப் பெரம்பலூர் போகிறேன். அங்கே இன்னாசி சார் என்பவர் வீட்டு மாடியில் பழைய முறைப்படி லத்தீன் பூசை நடக்கிறது. எனக்கு ஒரு சொல்லும் புரியாது. ஆனாலும் எல்லோரும் ஒரே வரிசையில் முட்டி போட்டு நாக்கில் நன்மை அப்பம் வாங்குவது பிடித்திருக்கிறது.

போன வாரம் பூசை முடிந்து சாப்பிடும்போது சார், "வூட்டுக்கு வூடு விசுவாசம் திரும்பணும். அப்பதான் சமுதாயம் உருப்படும்" என்றார். அதே மூச்சில் என்னிடம், "ஊர்ல எந்தத் தெரு தம்பி?" என்றார். சாதியைத்தான் கேட்கிறார்.

"திருவிழாவுக்கு மாதா சப்பரம் வராத தெரு சார்" என்றேன்.

உடனே அவர் மனைவி, "புள்ளைய சாப்பிட வுடுங்க" என்று குழம்பு ஊற்றினார். தெருவை விசாரித்துவிட்டுத்தான் கிறிஸ்தவ சமுதாயம் கட்டுவார்கள் போலிருக்கிறது. நீங்கள் வருத்தப்படாதீர்கள், நான் வயிறாரச் சாப்பிட்டேன்.

அங்கே தரை சில்லென்று இருக்கிறது. முட்டிக்கு அடியில் போட அப்பாவின் கம்பளித் துண்டை அனுப்புங்கள்.

வரும் ஞாயிறும் அங்கேதான் போவேன். போகாவிட்டால், என்னைச் சாப்பிடச் சொல்ல இங்கே வேறு ஆளில்லை.

ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது.

உங்கள் மகன்,
அடைக்கலராஜ்