நான்காம் நாள் காய்ச்சல் விட்டது

கொட்டாஞ்சேனை
06.07.2025

அன்புள்ள தம்பி ஜெயகுமாருக்கு,

பதினேழு வருடங்களுக்கு முன் ஆறாம் வகுப்பில் டெங்குப் பாடம் நடத்திக்கொண்டிருந்தபோது மட்டக்குளிப் பிள்ளையொருத்தி எழும்பிக் கேட்டாள்: "டீச்சர், நுளம்புக்கு வீட்டு இலக்கம் தெரியுமா?" வகுப்பே சிரித்தது. நானும் சிரித்து, "தெரியாது, அது எல்லாரையும்தான் கடிக்கும்" என்று உட்கார வைத்தேன். அந்தப் பிள்ளைதான் மயூரி. போன மாதம் டெங்கில் இறந்துபோன ஏழு வயது ஹம்சிகாவின் தாய். வெள்ளிக்கிழமை உங்கள் மரண விசாரணைக் குழுவின் முன் வந்து நின்றவள்.

அங்கிருந்து நேராக என்னிடம் வந்தாள். செருப்பைக் கழற்றவும் மறந்து வாசலில் நின்றபடியே கேட்டாள்.

"டொக்டர் ஐயா வாசிச்சுக் காட்டினாரு டீச்சர். 'தாயின் கவனக்குறைவால் தாமதம்'னு. நான்தான் என் புள்ளைய சாகடிச்சேனா?"

அந்த டொக்டர் ஐயா என் தம்பி என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

காய்ச்சலின் இரண்டாம் நாளும் மூன்றாம் நாளும் அவள் வேலைக்குப் போகவில்லை. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அரசாங்க ஆஸ்பத்திரி வரிசையில் நின்றாள். காலை ஆறு மணிக்குப் போனால் இரத்தம் சோதித்து முடியப் பகல் இரண்டு மணி. "நாளைக்கும் வாங்க" என்றார்கள். நான்காம் நாள் காய்ச்சல் விட்டது. பிள்ளை பாண் கேட்டுச் சாப்பிட்டது. கார்மென்ட் சூப்பர்வைசரோ, "மூணாவது நாளும் வரலன்னா வேற ஆள் போட்டுருவேன்" என்று முந்தின நாளே போனில் சொல்லிவிட்டான். அவள் பிள்ளையைப் பக்கத்து வீட்டு பீபியிடம் விட்டுவிட்டுப் போனாள். பின்னேரம் பீபி தொட்டபோது கைகால் குளிர்ந்திருந்தது. மழைக் குளிர் என்று நினைத்துப் போர்த்திவிட்டார். மயூரி வேலை விட்டு வந்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியபோது நேரம் கடந்துவிட்டது.

இதில் எந்த இடத்தில் கவனம் குறைந்தது? எனக்குக் காட்டு.

வீட்டுப் பீப்பாயில் நுளம்புப் புழு இருந்தது என்றும் எழுதியிருக்கிறாயாம். அங்கே பதினெட்டு வீட்டுக்கு ஒரு குழாய். விடிய இரண்டு மணித்தியாலம்தான் தண்ணீர் வரும். பீப்பாயில் பிடித்து வைக்காமல் எதைக் குடிப்பது?

இப்போது அவளுடைய மாமியார், "டொக்டர்மாரே எழுதிட்டாங்க, சின்னவன நான் வளர்க்கிறேன்" என்று இரண்டு வயதுப் பையனையும் கொண்டுபோக நிற்கிறார். அறிக்கை புதன்கிழமை மேலே போகிறது என்று கேள்விப்பட்டேன். அதற்கு முன் அந்த வசனத்தை மாற்று.

போனில் கதைத்தால் அவசரம் என்று வைத்துவிடுவாய். அதனால் ஆட்டோக்கார இராமரிடம் கொடுத்து அனுப்புகிறேன். மீன் குழம்பும் வருகிறது. நான் கோபமாக இருக்கிறேன் என்பதற்காக நீ கடைச் சாப்பாடு சாப்பிட வேண்டாம்.

உன் அக்கா
பத்மாவதி


வெள்ளவத்தை
07.07.2025

அன்பு அக்கா,

குழம்பு கிடைத்தது. உறைப்புக் கொஞ்சம் கூட. கடிதமும் அப்படித்தான்.

அந்தத் தாயை நினைத்தால் எனக்கும் வேதனைதான். ஆனால் தாமதத்துக்குக் காரணம் எழுதப் படிவத்தில் நான்கு கட்டங்கள்தான் உள்ளன: நோயாளி தரப்பு, போக்குவரத்து, வைத்தியசாலை, மற்றவை. 'மற்றவை' போட்டால் மேலிடம் விளக்கம் கேட்டுத் திருப்பி அனுப்பும். தண்ணீர்க் குழாயும் வேலைத்தலமும் மருத்துவக் காரணங்கள் அல்ல. காய்ச்சல் விட்ட பிறகுதான் ஆபத்து என்று எல்லா ஆஸ்பத்திரி வாசலிலும் ஒட்டியிருக்கிறது. ஒரு தாய்க்கு அது தெரிந்திருக்க வேண்டும். மாமியார் விஷயம் அவர்களுடைய குடும்பப் பிரச்சினை. அதில் குழு என்ன செய்ய முடியும்?

பேரன் மிதுஷன் நல்ல சுகம். கிரிக்கெட்டும் தொடங்கிவிட்டான். காய்ச்சலில் நீங்கள் வந்து அவனோடு இருந்ததை மருமகள் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறாள். மனதைப் போட்டு வருத்தாதீர்கள். பிரஷர் குளிசையை மறக்க வேண்டாம்.

அன்புத் தம்பி
ஜெயகுமார்


கொட்டாஞ்சேனை
08.07.2025

ஜெயகுமார்,

குளிசை போட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன்.

'தெரிந்திருக்க வேண்டும்' என்று எழுதினாய். நான் முப்பத்திரண்டு வருடம் சுகாதாரப் பாடம் படிப்பித்தவள். மே மாதம் உன் பேரனுக்கு இதே டெங்கு வந்தபோது, மகனும் மருமகளும் வேலைக்குப் போக, பகலில் நான்தான் அவனோடு இருந்தேன். நாளுக்கு இரண்டு தரம் வீட்டுக்கே ஆள் வந்து இரத்தம் எடுத்துப் போனது. நான்காம் நாள் காய்ச்சல் விட்டது. அவன் நூடில்ஸ் கேட்டான். நான் பிள்ளையாரைக் கும்பிட்டுவிட்டு, தலைக்கு வார்க்கச் சுடுதண்ணீர் வைத்தேன். அவன் கை குளிர்ந்திருந்ததை நானும் தொட்டேன். ஏசிக் குளிர் என்று நினைத்து அதை நிறுத்தினேன். பத்தரைக்கு நீ போன் எடுத்தாய்.

"அக்கா, ரிப்போர்ட் பார்த்தனான். பிளேட்லெட் விழுந்திட்டுது. உடனே ஏத்திக்கொண்டு வாங்கோ."

"அவன் நல்லா இருக்கிறானடா. இருந்து நூடில்ஸ் சாப்பிடுறான்."

"காய்ச்சல் விட்ட பிறகுதான் அக்கா பயம்! கதைச்சுக்கொண்டு நிக்காமல் வாங்கோ!"

வந்தோம். அவன் உயிர் தப்பினான். மயூரி செய்த அதே தவறைத்தான் நானும் செய்தேன். எனக்குப் போன் எடுக்க ஒரு டொக்டர் தம்பி இருந்தான். அவளுக்குப் போன் எடுத்தவன் சூப்பர்வைசர். என்னைக் கவனக்குறைவு என்று ஒருவரும் எழுதவில்லை. உன் மருமகள் எனக்குச் சேலை வாங்கித் தந்தாள். அந்தச் சேலையை இன்று காலை அலுமாரியில் பார்த்தபோது வெட்கமாக இருந்தது.

குழாய் மருத்துவக் காரணம் இல்லையாம். வரிசை இல்லையாம். வேலை போய்விடும் என்ற பயமும் இல்லையாம். எல்லாவற்றையும் தள்ளிவிட்டால் கடைசியில் தாய் ஒருத்திதான் மிஞ்சுவாள். அவளை எழுதுவது சுலபம். அவள் திருப்பி அனுப்பமாட்டாள், கையெழுத்துப் போடுவாள்.

மே மாதம் நடந்ததை அப்படியே எழுதி, இன்று காலை உங்கள் குழுச் செயலாளர் பௌஸியிடம் கொடுத்துவிட்டேன். என் பெயரும் உன் பெயரும் அதில் இருக்கின்றன. உனக்குக் கோபம் வரும், வரட்டும். அந்த வசனம் இருக்கும்வரை நான் உன் வீட்டுப் படி ஏறமாட்டேன்.

நாளைக்குக் கையெழுத்து வைக்குமுன் அந்த அறிக்கையை எடு. ஹம்சிகா என்று இருக்கும் இடத்தில் மிதுஷன் என்றும், தாய் என்று இருக்கும் இடத்தில் அக்கா என்றும் போட்டு, ஒரு தடவை சத்தமாக வாசித்துப் பார்.

பத்மாவதி