பேங்க் கடிதம் நின்றுபோன வீடு

அன்புள்ள அப்பாவுக்கு, வணக்கம். நான் நலம். உங்கள் முட்டிவலி தேவலையா? அம்மா நேரத்துக்கு மாத்திரை போடுகிறாளா?

ஒரு சின்ன விஷயம், பதற வேண்டாம். என் மாடி அறையைக் காலி செய்யவேண்டி வரலாம். வீட்டுக்கார அண்ணனுக்கு வேலை போனதில் வீட்டுக்கடன் தவணை நின்றுவிட்டது. அப்போது இஸ்திரி கலையாத சட்டையில் ஒருவர் வந்தார். "தவணையைப் பாதியாக் குறைச்சுத் தர்றேன். பேங்க்கோட நீங்க பேசவே வேணாம், எல்லாம் எங்க ஆபீஸுக்கே வரட்டும்" என்று தேனொழுகப் பேசி, பணமும் கையெழுத்தும் வாங்கிப்போனார். அதன்பின் பேங்க் கடிதமே வரவில்லை. "பாத்தியாம்மா, அவங்க வாயை அடைச்சிட்டாரு" என்று அண்ணன் பூரித்துப்போனார். நேற்று ஏலத்துக்காக வீட்டை அளக்க ஆள் வந்தபோதுதான் தெரிந்தது, கடிதமெல்லாம் அந்தச் சட்டைக்காரர் விலாசத்துக்குப் போயிருக்கிறது. அவர் போனை எடுப்பதில்லை.

எனக்கு வேறு அறை கிடைத்துவிடும். இங்கே தலையணைதான் எதுவும் சரிப்படவில்லை. அம்மாவின் தலையணை உறை ஒன்று அனுப்புங்கள். துவைக்க வேண்டாம்.

அப்பா, நம் வீட்டுக்கடனைப் பற்றிப் போன வாரம் கேட்டதற்கு, "இப்பல்லாம் பேங்க் லெட்டர் தொல்லையே இல்லம்மா" என்று சிரித்தீர்களே. நம் வீட்டுக்கு வந்தது யார்? எதில் கையெழுத்துப் போட்டீர்கள்? போனில் கேட்டால் பேச்சை மாற்றிவிடுவீர்கள் என்றுதான் எழுதுகிறேன். திட்டமாட்டேன். அந்த ஆளிடம் மூச்சு விடாமல் நேராகப் பேங்க்குக்குப் போய்க் கேளுங்கள்.

கீழே என்னை டியூட்டிக்குக் கூட்டிப்போகும் ஆஸ்பத்திரி வேன் ஹாரன் அடிக்கிறது. ஓடுகிறேன்.

உங்கள் மகள்

பி.கு.: இதன் நகலை அம்மாவின் ஆபீஸ் விலாசத்துக்கும் அனுப்பியிருக்கிறேன்.