காணாமல் போன ரத்தம்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் நலம், இதற்கு அத்தாட்சியாக எந்த ரிப்போர்ட்டும் வைக்கவில்லை, நம்பினால் நம்பு. நீயும் மாப்பிள்ளையும் நலமாக இருக்க வேண்டும்.

அப்பாவை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கூட்டி வந்துவிட்டேன். போனில் நீ கத்தியதைக் கேட்டுக்கொண்டேன், இப்போது நான் சொல்வதைக் கேள். நெஞ்சுச் சளிக்கும் காய்ச்சலுக்கும்தான் சேர்த்தோம், மருந்தில் காய்ச்சல் இறங்கி மனிதர் எழுந்து உட்கார்ந்து பேப்பர் படிக்க ஆரம்பித்துவிட்டார். அதற்குப் பிறகும் அந்த மேதாவிகள் விட்டால்தானே. விடிந்ததும் ஒரு தள்ளுவண்டி கட்டில் கட்டிலாக வரும், காய்ச்சல்காரரோ கால் ஒடிந்தவரோ ஆளுக்கு நாலைந்து குப்பி ரத்தம். எதற்கு என்றால், தினமும் எடுக்கிறதுதாம்மா என்பார்கள், அதற்கு மேல் காரணம் அவர்களுக்கே தெரியாது. ஒருநாள் சின்ன டாக்டர் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தார், அப்பாவுக்கு ரத்தம் குறைந்துகொண்டே போகிறதாம், உள்ளே எங்கோ கசிகிறதாம், அதைக் கண்டுபிடிக்க இன்னும் இரண்டு குப்பி வேண்டுமாம்! உள்ள எதுக்குத் தேடுறீங்க, உங்க வண்டியில தேடுங்க என்று அப்பா சிரித்தார். சின்ன டாக்டருக்குச் சிரிப்பும் வரவில்லை, புத்தியும் வரவில்லை. வாய் வழியாகக் குழாய் விட்டுப் பார்க்கக் கையெழுத்து வேண்டும் என்று பெரிய டாக்டரையே கூட்டி வந்துவிட்டார். படித்த படிப்பு ஒரு வண்டி இருக்கும், அப்பாவின் வயிற்றில் ஒரு தடவை கை வைத்துப் பார்த்தாரா, பசிக்கிறதா என்று கேட்டாரா? கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைகிற கூட்டம். முடியாது என்றேன். உடனே பெரிய டாக்டர், உங்க பொண்ணும் டாக்டர்தானே, ஒண்ணையும் விட்றாதீங்கன்னு அவங்கதான் போன்ல சொன்னாங்க என்றார். அப்போதே துணிமணிகளை எடுத்துப் பையில் அடைத்துவிட்டேன். கூட வந்து இருக்க முடியவில்லை என்று ஊசியை அனுப்பினாயா? உன் பயத்துக்கு அவர் ரத்தமா மருந்து?

இங்கே தெருமுனை டாக்டர் வயிற்றை அமுக்கிப் பார்த்தார், கேட்க வேண்டியதைக் கேட்டார், கசிவு எதுவும் தெரியவில்லை, நன்றாகச் சாப்பிடட்டும், சில வாரம் கழித்து ஒரே ஒரு சோதனை போதும் என்றார். இப்போதே முகத்தில் நிறம் திரும்பியிருக்கிறது. கை மட்டும் இன்னும் கன்றிப்போய்க் கிடக்கிறது. நேற்று எண்ணெய் தடவும்போது, வண்டி வரும் முன்பே சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பீர்களே, வேண்டாம் என்று ஒருநாளாவது சொல்லக் கூடாதா என்று திட்டினேன். நம்ம பொண்ணு சொல்லித்தான் எடுக்கிறாங்கன்னு எனக்கு முதல்லயே தெரியும், அவ சொன்னா சரியாத்தான் இருக்கும் என்றார்.

இருவரும் நோய் நொடி இல்லாமல் நீடூழி வாழுங்கள். ஞாயிற்றுக்கிழமை அப்பாவைக் கூப்பிடு, ரத்தம் எவ்வளவு என்று கேட்காதே, சாப்பிட்டீங்களாப்பா என்று கேள்.

கோபம் தீராத
உன் அம்மா