ஓம், கழற்றினேன்

அன்புள்ள அம்மாவுக்கு,

முழங்கால் நோவு குறைந்ததா? நான் சுகம்.

கெல்சென்கிர்ச்சனில் இருக்கிற பெரியப்பா போன் எடுத்து, "உங்கட மகள் ஹம்பேர்க்கில மேடையில நிண்டு சேலை கழட்டுறாள்" என்று சொல்லியிருப்பார். ஓம், கழற்றினேன். எய்ட்ஸ் நோயாளிகளுக்கு உதவ எங்கள் நாடகக் குழு போட்ட கேலி ஆட்டம் அது. சனம் விழுந்து விழுந்து சிரிக்க, ஒன்றன்மேல் ஒன்றாகச் சுற்றியிருந்த சேலைகளைக் கழற்றிக்கொண்டே போனேன். கடைசியில் மிஞ்சியது நான் உள்ளே உடுத்தியிருந்த சித்தப்பாவின் சாரமும் சேர்ட்டும். அவர் செங்கமாரி நோயில் செத்தார் என்று ஊருக்குச் சொன்னோமே, அது எய்ட்ஸ் என்று மைக்கில் சொன்னேன். எல்லோரும் எழும்பி நின்றார்கள்.

மிளகாய்த்தூள் முடிந்துவிட்டது. ஒருத்திக்குச் சமைத்தாலும் உறைப்பு வேண்டுமே. பார்சலில், சுவரிலிருந்து நீங்கள் கழற்றி வைத்த சித்தப்பாவின் படத்தையும் வையுங்கோ.

ஒத்திகைக்குக் கூப்பிடுகிறார்கள். அடுத்த மாதமும் ஆடுவேன். பெரியப்பாவுக்கு முன்வரிசையில் இடம் வைத்திருக்கிறேன் என்று சொல்லுங்கோ. தன் தம்பியைப் பார்க்க வரட்டும்.

மகள்,
சுஜானி