தனியாக ஒரு பாதை

பூதலூரில் ரயிலை விட்டு இறங்கியதும் ஈர சிமெண்ட் வாசனை அடித்தது. நடைமேடையின் ஓரத்தைப் பூசிக்கொண்டிருந்தார்கள். உங்கள் ஊர் வாய்க்கால் கரையில் பாதை போட்ட நாளும், அதைப் பார்த்து நீ முகம் சுளித்ததும் நினைவுக்கு வந்தன.

உன் அப்பா இறந்தபோது நாம் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்தோம். உன்னோடு நானும் ஊருக்கு வந்தேன். சுடுகாட்டுக்கு நல்ல சாலை இருந்தது. அது பெரிய தெருவுக்குள் போனதால், உங்கள் தெருச் சாவு அதில் போகக் கூடாது என்பது வழக்கம். நடவு முடிந்திருந்ததால் வயலிலும் கால் வைக்க விடவில்லை. மார்பளவுத் தண்ணீரில் பாடையைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு வாய்க்காலைக் கடந்தார்கள். நீ அழாமல் கரையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாய்.

எனக்குச் சாதி அதுவரை ஒரு பாடம். அது அறியாமை, படித்தால் போய்விடும் என்று தேர்வில் எழுதியிருந்தேன். உன்னிடமும் அதையே சொன்னேன்.

"வழிய மறிச்சவரு எம்.ஏ. படிச்சவருடி" என்றாய்.

பிறகு சுடுகாட்டுக்குப் பாதை கேட்டுப் பல ஆண்டுகள் மனுவோடு அலைந்தாய். தாலுகா அலுவலகத்தில் நடந்த ஒரு சமாதானக் கூட்டத்தில் நானும் பின்வரிசையில் இருந்தேன். நிலக்காரர் பெருந்தன்மையாகத்தான் பேசினார். "அறுப்பு முடிஞ்சு நடவுக்கு முன்னாடின்னா தாராளமா வயல் வழியா தூக்கிட்டுப் போங்கம்மா. நான் குறுக்க நிக்கமாட்டேன்."

"சரிங்கய்யா. நாத்து விடறதுக்குள்ள போய்ச் சேந்துடுங்கன்னு எங்க பெருசுங்ககிட்ட சொல்லிவைக்கிறேன்" என்றாய் நீ.

தாசில்தாரே சிரித்துவிட்டார்.

கடைசியில் அரசாங்கம் ஊருக்குப் பின்னால், வாய்க்கால் கரையில், சுடுகாட்டுக்குச் சிமெண்ட் பாதை போட்டது. உங்கள் தெருவே திரண்டு நின்றது. உன் அண்ணன் எல்லாருக்கும் லட்டு கொடுத்தார். நீ எடுத்துக்கொள்ளவில்லை.

"என்னடி, கேட்டது கெடச்சிடுச்சே?" என்றேன்.

"கேட்டதே தப்பு. ஊருக்குள்ள ரோடு இருக்கு. நீங்க அதுல வராதீங்கன்னு இப்ப கவர்மெண்டே சிமெண்ட் போட்டுக் குடுத்துடுச்சு."

இனி யாரும் தண்ணீரில் பிணம் தூக்க வேண்டாம், அது சிறிய விஷயமா என்று வாதிட்டேன். சிறிய விஷயம் என்று நீயும் சொல்லவில்லை. அந்த வாதம் நமக்குள் முடியவே இல்லை.

தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் கடைசி வாரம் உன் அண்ணனிடம் சொன்னாய்: "என்னைய அந்தப் பாதையில தூக்கிட்டுப் போயிடாதண்ணே."

"நாங்க அங்கதானே பொழைக்கணும், பாப்பா."

"அதுக்காகத்தான் சொல்றேன்."

அவர் சரி என்பாரா என்று தெரியாமலே நீ போய்விட்டாய். ஆகவே நடந்ததை எழுதுகிறேன்.

நான் பூதலூரில் வந்து இறங்கிய அன்று, பாதை பிரியும் இடத்தில் உன் பாடை நின்றது. தூக்கியவர்கள் உன் அண்ணன் முகத்தைப் பார்த்தார்கள். கொள்ளிச்சட்டியோடு முன்னால் நின்ற அவர் பெரிய தெருப் பக்கம் திரும்பி நடந்தார். சில கதவுகள் சாத்தப்பட்டன. டீக்கடை பெஞ்சில் இருந்தவர்கள் எழுந்து நின்றார்கள். மரியாதையா கோபமா என்று எனக்குத் தெரியவில்லை. யாரும் மறிக்கவில்லை. மனம் மாறிவிட்டது என்று எழுதமாட்டேன். நீ அந்தத் தெரு வழியாகப் போனாய், அவ்வளவுதான்.

போன வாரம் நான் வேலை பார்க்கும் கல்லூரியின் குழுவில், உதவித்தொகை மாணவர்களுக்கென்று தனி விடுதி கட்டலாம் என்றார்கள். நல்ல எண்ணத்தில் சொன்னதுதான். ஏன் தனியாக என்று கேட்டேன். தலைவர் காதில் விழாதது போல அடுத்த பக்கத்தைப் புரட்டினார்.

மறுபடியும் கேட்டேன்.