தனிப் பாத்தி

சிட்லபாக்கம்
3-9-1986

அன்பு மகள் சரசுவுக்கு அம்மா எழுதுவது. அம்மன் புண்ணியத்தில் நானும் உன் அப்பாவும் துரையும் நடமாடிக்கொண்டிருக்கிறோம். ஜோத்பூரில் நீயும் மாப்பிள்ளையும் சுகமா, வயிற்றில் பிள்ளை உதைக்கிறதா என்று உடனே எழுது கண்ணு.

இந்தத் தடவை கத்தரி கொள்ளையாய்க் காய்த்திருக்கிறது, ஒரு பூச்சி இல்லை. உன் தம்பி துரை முதுகில் டப்பாவைக் கட்டிக்கொண்டு மருந்து அடிக்கிறான். கிணற்றோரம் இரண்டு பாத்தியை மட்டும் அடிக்காமல் விட்டிருக்கிறோம், நமக்கென்று. அதில் வருவது சொத்தைக் காய், அதைத்தான் நாம் தின்கிறோம். பளபளவென்று இருப்பதெல்லாம் நான் விற்கிற கூடைக்குப் போகிறது. இங்கே எல்லார் தோட்டத்திலும் இப்படித்தான், யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. புதுக் காலனியில் செல்வமேரி என்று ஒரு டீச்சரம்மா இருக்கிறாள், உன்னைப் போல அவளுக்கும் ஆறாம் மாதம். கத்தரிக்காய் இல்லாமல் சோறு இறங்காதாம், தினமும் என் கூடையைத் தேடி வருவாள். மருந்து அடித்தால் ஒரு வாரம் கழித்துத்தான் பறிக்க வேண்டுமாம். ஆவணி முகூர்த்தம், நல்ல கிராக்கி, யாருக்குப் பொறுமை? சாயங்காலம் அடித்ததை விடிந்ததும் பறித்துக் கொண்டுபோய் அவளுக்கும் போட்டேன். அன்றைக்கே வாந்தியும் மயக்கமுமாய் அவளை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டார்கள். மசக்கை மிச்சம்தான் என்று டாக்டர் சொன்னாராம். நம் காய்தான் காரணம் என்று ஒருத்தரும் சொல்லவில்லை, வந்து நாலு வார்த்தை திட்டியிருந்தாலாவது எனக்கு ஆறியிருக்கும். வயிற்றுப் பிள்ளைக்கு ஒன்றுமில்லை என்றுதான் சொல்கிறார்கள், பிறந்தால்தானே தெரியும். போன வாரம் மெலிந்துபோய் வந்து என் எதிரில் உட்கார்ந்தாள். வெளியில வாங்கித் திங்கவே பயமா இருக்கும்மா, நீங்க குடுத்தா நம்பிச் சாப்பிடலாம் என்றாள். பாவி நான், இன்னிக்குக் காய் தீர்ந்துபோச்சு என்று பொய் சொல்லி அனுப்பிவிட்டேன். அதிலிருந்து குழம்பு கொதித்தால் அவள் ஓங்கரிக்கிற சத்தம்தான் கேட்கிறது, திரும்பினால் அந்த வயிறு நிற்கிறது. உன் அப்பாவிடம் சொன்னால் எனக்குக் காத்து கருப்பு பட்டுவிட்டது என்கிறார்.

அன்று வீட்டுக்கு வந்ததும் கிணற்றோரத்துச் செடிகளை வேரோடு பிடுங்கிப் போட்டேன். துரை ஓடிவந்து, இன்னாம்மா, வூட்டுக்குத்தான் தனியா கீதே, உனக்கு இன்னா பேஜாரு என்று கத்தினான். இனிமே கூடைக்குப் போறதுதான் நம்ம தட்டுக்கும், நீ அடிக்கிறதை அடிச்சுக்கோ என்றேன். மறுநாள் பளபளத்த காயில் குழம்பு வைத்தேன். உன் அப்பா தட்டைத் தள்ளிவிட்டு மோர் ஊற்றிக்கொண்டார், துரை சோற்றைப் பிசையாமலே உட்கார்ந்திருந்தான். நான் தின்றேன். நேற்று மருந்து அடிக்க வேண்டிய நாள், டப்பா கொட்டகையிலேயே கிடந்தது. துரைதான், பக்கத்துத் தெரு கன்னியம்மா வீட்டில் வேப்பங்கொட்டை கிடைக்குமா, ஊறவைத்துத் தெளித்துப் பார்க்கிறேன் என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு கேட்டான். நாளைக்கு மனசு மாறுவானோ என்னவோ தெரியவில்லை.

அந்த ஊர்ச் சந்தையில் கத்தரிக்காய் கண்ணாடி மாதிரி மின்னுகிறது, ஆசையாய் வாங்கித் தின்கிறேன் என்று எழுதியிருந்தாயே. அதைப் படித்த கையோடுதான் இதை எழுத உட்கார்ந்தேன். பூச்சி அரித்ததாய்ப் பார்த்து வாங்கு, உப்புத் தண்ணீரில் ஊறவைத்துக் கழுவு. விற்கிறவள் முகத்தை மட்டும் பார்த்து நம்பிவிடாதே. அவள் தோட்டத்திலும் தனிப் பாத்தி ஒன்று இருக்கும், அது அவள் பெற்ற பிள்ளைகளுக்கு. நீ அவளுக்கு யாரோதானே கண்ணு.

தாயும் பிள்ளையுமாய் நல்லபடி பிழைத்து வர வேண்டும், மாப்பிள்ளைக்கும் என் ஆசி. இரும்பு மாத்திரையை மறக்காமல் போடு.

உன்னைப் பெற்றவள்,
கனகவல்லி