சூடேற்றியும் மறையாத நிறம்

புதன், இரவு.

கல்லூரியில் திரவப் படிகம் (லிக்விட் கிரிஸ்டல்) பற்றிய வகுப்பைப் பற்றிச் செய்தி எழுதப் போனேன். ஒளியை ஒரே திசையில் அதிரவிடும் போலராய்டு தாள்கள் இரண்டுக்கு நடுவே, ஒரு தகட்டில் படிகத்தை வைத்துச் சூடேற்றினார் பேராசிரியை. முழுத் திரவமானதும் நிறம் மறைந்து இருண்டுவிடும் என்றார். மறையவில்லை.

ஜீயபுரத்திலிருந்து வரும் ஒரு மாணவி எழுந்தாள். "மேம், கண்ணாடிக்குப் பதிலா பிளாஸ்டிக் தகடு வச்சிருக்கீங்க. இழுத்துச் செய்யற பிளாஸ்டிக்லயும், படிகம் மாதிரியே, திசைக்குத் திசை ஒளி போற விதம் மாறும். கலர் அதோடது."

படிகம் இல்லாமல் வெறும் தகட்டை வைத்துப் பார்த்தார்கள். அதே நிறம். சாதாரணத் தகட்டுக்குள் அத்தனை நிறம் இருப்பது எனக்கு இன்றுதான் தெரியும்.

"சார், இதையும் எழுதுவீங்களா? பிரின்சிபால் பேப்பர் படிப்பாங்க" என்றார் பேராசிரியை. குறிப்பேட்டை மூடிக்கொண்டு வந்துவிட்டேன்.

நடந்ததை அப்படியே எழுதி முடித்து, பேராசிரியைக்குப் போனில் வாசித்துக் காட்டினேன்.

"என் தப்பு இருக்கட்டும் சார். அந்தப் பொண்ணு பேரை முதல்ல போடுங்க."